ரொட்டி மாத்திரை

1807-ஆம் வருஷத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர் தாமஸ் ஜெபர்ஸன். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் டாக்டர் காஸ்பர் விஸ்டார் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு வைத்திய ரகசியத்தை வெளியிட்டார். ஜெபர்ஸன் அறிந்த வைத்தியர்களுக்குள்ளே மிகவும் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தாராம். ரொட்டியை உருட்டிச் செய்த மாத்திரை, சாயம் கலந்த தண்ணீர், மரச் சாம்பற்பொடி ஆகியவைகளையே தாம் நோயாளிகளுக்கு அதிகமாகக் கொடுத்து வந்ததாகவும், மற்ற மருந்துகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த அளவு வராது என்றும் அவர் ஜெபர்ஸனிடம் ஒப்புக்கொண்டாராம். இதைக் கேட்டு ஜனாதிபதிக்குக் கோபம் வரவில்லை. அது மோசடிதான், ஆனால் புண்ணியமான மோசடி என்று சொல்லி மன்னித்துவிட்டார்!

மன்னித்ததற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்து வைத்தியம் அப்படிப்பட்டது. காய்ச்சல் என்று வந்தவனுடைய கையைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாக இரத்தத்தை வடிப்பார்கள். பாதரசம் கலந்த பேதி மருந்தைக் கொடுத்துக் குடலைக் கலக்குவார்கள். 1799-ல் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயினால் படுத்தபோது, ஒரே நாளில் பலமுறை அவருடைய இரத்தத்தை எடுத்தார்கள். அன்றிரவே அவர் காலமானார். இத்தகைய வைத்தியத்துக்குத் தப்பி ரொட்டி மாத்திரையைச் சாப்பிட்டவன் பாக்கியசாலி என்றே சொல்ல வேண்டும். வியாதியினால் அவன் இறந்தாலும் இறக்கலாம்; வைத்தியத்தினால் இறக்க மாட்டான் அல்லவா?

அது நடந்து இருநூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று உண்மையாகவே நோயைத் தீர்க்கும் மருந்துகள் எத்தனையோ வந்திருக்கின்றன. ஆகையால் ரொட்டி மாத்திரை உலகத்தை விட்டே போயிருக்க வேண்டும் என்று நேயர்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை! வேஷத்தை மாற்றிக்கொண்டு இன்னமும் அது நடமாடி வருகிறது. நோயாளியின் நன்மைக்காகவே என்றாலும், டாக்டர் அவனிடம் பொய் சொல்லலாமா? அந்தப் பொய்யினால் நோய் குணமாகிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் வீட்டில் குழந்தை குட்டிகளையும் வயோதிகர்களையும் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்ப்பது நல்லது.

கூலிக்கு மாரடித்த சொல்

மருந்துச் சத்து ஒன்றுமில்லாமல், நோயாளியின் மனத்திருப்திக்காக மட்டும் கொடுக்கப்படும் மருந்துக்கு மேனாட்டு வைத்தியத்தில் 'பிளாஸிபோ' என்று பெயர். லத்தீன் பாஷையில் 'திருப்தி செய்வேன்' என்று இதற்கு அர்த்தம். கிறிஸ்தவர்கள் இறந்தவர்களுக்காகச் செய்யும் பிரார்த்தனையில் வரும் ஒரு வாசகத்தின் முதற் சொல் இது. மத்திய காலத்து ஐரோப்பாவில் இழவு விழுந்த வீட்டுக்குச் சிலர் உறவினரைப் போலவே வந்து நின்று, பணத்துக்காகவும் சாப்பாட்டுக்காகவும் அந்தப் பிரார்த்தனையைப் பாடுவது உண்டு. கூலிக்கு மாரடிப்பது என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அதே தொழில்தான். இப்படிப் பொய்யழுகைக்குப் பெயரான சொல் நாளடைவில் வைத்தியர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. நோயாளிக்கு நன்மை செய்வதைக் காட்டிலும் அவனை மகிழ்விப்பதற்கே ஏற்ற மருந்து என்று, 1811-ல் லண்டனில் வெளியான வைத்திய அகராதி ஒன்று அதற்குப் பொருள் கூறிற்று. அகராதி எழுதியவர் உண்மையை மறைக்கவில்லை!

மரக்குச்சியின் மகிமை

பிளாஸிபோவின் சக்தியை முதன் முதலில் பரீட்சை செய்து காட்டியவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் பாத் என்னும் நகரத்தில் இருந்த டாக்டர் ஜான் ஹேகார்த். அச்சமயம் அமெரிக்காவிலிருந்து ஓர் அதிசயச் சாதனம் வந்து இங்கிலாந்தை ஒரு கலக்குக் கலக்கிக் கொண்டிருந்தது. எலிஷா பெர்க்கின்ஸ் என்பவர் 1796-ல் 'பேடெண்டு' உரிமை பெற்ற இரண்டு சிறு உலோகக் குச்சிகள்தான் அவை. வலியுள்ள இடத்தில் அவைகளால் மெதுவாகத் தடவினால் வலி பறந்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். லண்டனில் ஒரு ஜோடியின் விலை ஐந்து கினி. பெரிய மனிதர்களெல்லாம் வாங்கினார்கள்.

1799-ல் டாக்டர் ஹேகார்த் ஒரு காரியம் செய்தார். மரத்தினால் இரண்டு குச்சிகளைச் செய்து, உலோகம் போல் தோன்றும்படி வர்ணம் பூசினார். நெடுநாளாக வாதநோயால் கஷ்டப்பட்ட ஐந்து பேரை அவைகளால் தடவச் செய்தார். ஐவரில் நால்வர், "ஆகா! வலி குறைந்துவிட்டது!" என்றார்கள். மறுநாள் அசல் உலோகக் குச்சிகளைக் கொண்டு தடவினார்கள். பலன் முதல் நாளைப் போலவேதான். அதற்கு மேல் ஒரு மாற்றுக்கூட இல்லை.

இந்தப் பரீட்சையைப் பற்றி 1800-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார் ஹேகார்த். மனப்பாவனை நோயை உண்டாக்கவும் கூடும், தீர்க்கவும் கூடும் என்பது அதன் ஸாராம்சம். பிரசித்தி பெற்ற வைத்தியர் கொடுத்தால் பலிக்கும் மருந்து, பெயரில்லாத வைத்தியர் கொடுத்தால் ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் அவர் அதிலிருந்தே காரணம் கண்டார். நம் ஊர்களில் 'கைராசி' என்று சொல்லி வருகிறோமே, அதன் சூட்சுமத்தை அந்த மனிதர் இரண்டு மரக்குச்சிகளைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டார்!

எது மருந்து, எது இயற்கை?

மனத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்றால், எல்லா வியாதிக்கும் ரொட்டி மாத்திரையே போதாதா? அப்படியும் ஒரு காலத்தில் சிலருக்கு ஆசை பிறந்தது. 1955-ல் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க டாக்டர், பதினைந்து ஆராய்ச்சிகளிலிருந்து 1,082 நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அவர்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குப் பிளாஸிபோவினால் திருப்திகரமான குணம் ஏற்பட்டதென்று எழுதினார். அந்த 'முப்பத்தைந்து' வெகுகாலம் வரையில் வைத்தியப் புத்தகங்களில் வேதவாக்காக விளங்கிற்று.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஜலதோஷம் மருந்து சாப்பிட்டாலும் போகிறது, சாப்பிடாவிட்டாலும் போகிறது. முதுகுவலி சில நாள் அதிகமாயிருக்கும், சில நாள் தணியும். வலி உச்சத்திலிருக்கும் அன்றுதான் மனிதன் டாக்டரிடம் ஓடுகிறான். அதன் பிறகு அது குறையத்தானே வேண்டும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்குப் பட்டம் கொடுத்துவிடலாமா? டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முற்பட்டார்கள். பிளாஸிபோ சாப்பிட்டவர்களையும், சிகிச்சை ஒன்றுமே செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்ட பரீட்சைகளை ஆராய்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். அளந்து பார்க்கக்கூடிய தேகக் கோளாறுகளில் பிளாஸிபோவினால் சொல்லத்தக்க பலன் காணப்படவில்லை. வலியைப் போல நோயாளி தானே உணர்ந்து சொல்ல வேண்டிய விஷயங்களில் மட்டும் ஓரளவு பலன் தென்பட்டது.

அந்த ஓரளவு பலனும் வெறும் பிரமையன்று. 1978-ல் அமெரிக்காவில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஒரு பரீட்சை நடந்தது. பிளாஸிபோ கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபினியைச் சேர்ந்த மருந்துகளின் வேகத்தை முறிக்கும் 'நலாக்ஸோன்' என்னும் மருந்தைச் செலுத்தினார்கள். உடனே குறைந்திருந்த வலி திரும்பிவிட்டது! நிவாரணம் வரும் என்று மனம் எதிர்பார்க்கும்போது, அபினிக்கு ஒப்பான வஸ்துவைத் தேகமே சுரந்துகொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்றாயிற்று. வலி குறைந்தது என்று நோயாளி சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே குறைந்துதான் இருந்தது.

இரைப்பு நோய் சொல்லும் எச்சரிக்கை

ஆனால் 'சுகமாயிருக்கிறது' என்பது ஒன்று; 'சுகமாகிவிட்டது' என்பது வேறு. இந்த வித்தியாசத்தை 2011-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று பளிச்சென்று எடுத்துக் காட்டிற்று. இரைப்பு நோயுள்ளவர்களுக்கு ஒரு முறை மூச்சுக்குழலை விரிக்கும் அசல் மருந்தை உறிஞ்சக் கொடுத்தார்கள். இன்னொரு முறை மருந்தில்லாத போலி. மற்றொரு முறை, சீன வைத்தியத்தில் ஊசி குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். வேறொரு முறை ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும், "எப்படி இருக்கிறது?" என்று நோயாளியையும் கேட்டார்கள், அவன் வெளியிடும் மூச்சின் அளவைக் கருவியினாலும் அளந்தார்கள்.

நோயாளிகளின் பதில் என்ன? அசல் மருந்தினால் நூற்றுக்கு ஐம்பது பங்கு குணம் என்றார்கள். போலி மருந்தினால் நாற்பத்தைந்து. போலி ஊசியினால் நாற்பத்தாறு. ஒன்றும் செய்யாதபோது இருபத்தொன்று. ஆக, அசலும் போலியும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றின. கருவியின் பதில் என்ன? அசல் மருந்தினால் மூச்சின் அளவு நூற்றுக்கு இருபது பங்கு கூடிற்று. மற்ற மூன்றிலும் சுமார் ஏழு பங்குதான்! போலி மருந்து மனத்துக்கு ஆறுதல் தந்தது; சுவாசப்பைக்கு ஒன்றும் தரவில்லை.

ஓர் இரவில் குழந்தைக்கு மூச்சு முட்டும்போது இந்த வித்தியாசத்தின் பொருள் என்னவென்று நாம் விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 'தேவலை' என்று குழந்தை சொல்லும். ஆனால் அபாயம் அப்படியே உள்ளே இருக்கும். உண்மையான மருந்து உள்ள வியாதிக்கு ரொட்டி மாத்திரையைக் கொடுப்பது ஜெபர்ஸன் சொன்ன புண்ணியமான மோசடியாக இருக்க முடியாது. அது வெறும் மோசடி.

அந்த மோசடி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே மறக்கவொண்ணாத உதாரணம் இருக்கிறது. அலபாமா மாகாணத்தில் டஸ்கீஜி என்னும் இடத்தில், அரசாங்கத்தின் பொதுசுகாதார இலாகா 1932-ல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. 'சிபிலிஸ்' என்னும் மேகவியாதி கண்ட 399 ஏழை நீக்ரோக்கள்—அன்று அவர்களை அப்படித்தான் அழைத்தார்கள்—அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. 'கெட்ட இரத்தத்துக்கு' வைத்தியம் செய்வதாகச் சொல்லி, ஆஸ்பிரின் மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தார்கள். பரிசோதனைக்காக முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பதைக்கூட விசேஷ இலவச சிகிச்சை என்றார்கள். நாற்பதுகளின் பிற்பகுதியில் பெனிஸிலின் அந்த வியாதிக்குக் கைகண்ட மருந்தாக வந்தது. அதன் பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகைகள் விஷயத்தை அம்பலப்படுத்தியதும்தான் அந்த அக்கிரமம் நின்றது. 1997-ல் ஜனாதிபதி கிளிண்டன் தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டாக்டர் கொடுத்ததை மருந்தென்று நம்பி நாற்பது வருஷம் விழுங்கியவர்களில் எத்தனையோ பேர் அதைக் கேட்க உயிரோடில்லை.

புது வேஷம்

இனி, இக்காலத்து டாக்டர்களைப் பார்ப்போம். 2008-ல் அமெரிக்க டாக்டர்கள் 679 பேரிடம் விசாரித்து எழுதிய ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. சுமார் பாதிப்பேர் இத்தகைய சிகிச்சையை வழக்கமாகக் கையாளுவதாகச் சொன்னார்கள். ஆனால் சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்கள் வெகு சிலரே. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரையும் வைடமினும்தான் அந்த ஸ்தானத்தைப் பிடித்திருந்தன. 2013-ல் பிரிட்டனில் நடந்த விசாரணையும் இவ்விதமே கூறிற்று. மருந்தே இல்லாத மாத்திரையை ஒரு முறையாவது கொடுத்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். ஆனால், அந்த வியாதிக்குப் பயன்படும் என்ற நிச்சயமில்லாத மருந்தையோ அவசியமில்லாத பரிசோதனையையோ நோயாளியின் திருப்திக்காக ஒரு முறையாவது எழுதிக் கொடுத்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர்!

ரொட்டி மாத்திரையின் புது வேஷம் இதுதான். பழைய ரொட்டியிலாவது தீங்கு கிடையாது. புது வேஷத்துக்கு அந்தப் பெருமையும் இல்லை. வைரஸினால் வந்த ஜலதோஷத்துக்கு 'ஆண்டிபயாடிக்' மருந்து ஒரு பலனும் தராது. பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்வதே அதன் வேலை. நோயாளியைத் திருப்தி செய்வதற்காக அதைக் கொடுத்துக்கொண்டே போனால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிடுகின்றன. பிறகு உண்மையாகவே அது வேண்டிய நாளில் அது வேலை செய்வதில்லை.

'நோயாளிகள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்' என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். இதற்கு அவர்கள் ஜாதியைச் சேர்ந்தவரே ஒருவர் 1903-லேயே பதில் சொல்லியிருக்கிறார். பாஸ்டன் நகரத்து ரிச்சர்டு கேபட் என்னும் அந்த டாக்டர், எல்லா வைத்திய மாணவர்களையும் போலத் தாமும் ரொட்டி மாத்திரையும் தண்ணீர் ஊசியும் கொடுக்கப் பழக்கப்பட்டவர்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, நோயாளிகளிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகிறதென்று பரீட்சித்துப் பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. ஒவ்வொரு உபத்திரவத்துக்கும் ஒரு மருந்து வேண்டுமென்று நோயாளி எதிர்பார்ப்பது வாஸ்தவந்தான். அப்படி எதிர்பார்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார், நாம்தானே என்று தம் சகோதர டாக்டர்களைத் திருப்பிக் கேட்டார் அவர்.

அந்தக் கேள்வி பாஸ்டனுக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளில் நடப்பதையும் சற்றுப் பார்க்கலாம். "ஊசிகூடப் போடாமல் அனுப்பிவிட்டாரே, இவர் என்ன டாக்டர்?" என்ற வார்த்தையை நம்மில் கேட்டறியாதவர் யார்? அசதி என்றால் சத்து ஊசி. தலைசுற்றல் என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். வாயால் கஞ்சி குடிக்கக்கூடியவருக்கு அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சிறிது சர்க்கரையும்தான். அவசியமில்லாத ஊசியினால் செலவு மட்டுமன்று, அபாயமும் உண்டு. சுத்தம் செய்யாத ஊசியின் மூலம் மஞ்சட்காமாலைக் கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் பல முறை எச்சரித்திருக்கிறது.

பொய் இல்லாமல் பலன் உண்டா?

இவ்வளவும் கேட்டபின் நேயர்கள் ஒரு கேள்வி போடலாம். "மனநம்பிக்கையினால் வலி குறைகிறது என்றீர்கள். டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த நன்மையும் போய்விடாதா?" என்பதே அது. நியாயமான கேள்வி. இதற்கு விடை சமீப காலத்தில்தான் கிடைத்திருக்கிறது.

வயிற்றுவலியும் மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்து வருஷக் கணக்கில் மனிதரை வாட்டும் குடல் உபத்திரவம் ஒன்று உண்டு. அத்தகைய நோயாளிகள் 262 பேரை வைத்து நடத்திய பரீட்சையின் முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. ஒரு பகுதியாரைச் சும்மா காத்திருக்கச் செய்தார்கள். இன்னொரு பகுதியாருக்குப் போலி ஊசி. டாக்டர் அதிகம் பேசவில்லை, முதல் நாள் ஐந்து நிமிஷத்துக்குள் அனுப்பிவிட்டார். மூன்றாவது பகுதியாருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் டாக்டர் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவர்களுடைய குறைகளை அன்போடு கேட்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில், காத்திருந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேரும், ஐந்து நிமிஷக்காரர்களில் நாற்பத்துநாலு பேரும், முக்கால் மணிக்காரர்களில் அறுபத்திரண்டு பேரும் போதிய நிவாரணம் கண்டதாகச் சொன்னார்கள். போலி ஊசி ஒன்றேதான். அதிகமான பலனைக் கொடுத்தது டாக்டரின் காதும் வாயும்!

பிறகு 2010-ல் இன்னும் துணிச்சலான பரீட்சை ஒன்று வெளியாயிற்று. அதே குடல் நோயுள்ள எண்பது பேரில் ஒரு பகுதியாரிடம், "இதில் மருந்து எதுவும் கிடையாது, சர்க்கரை மாத்திரையைப் போன்றதுதான். ஆயினும் இப்படிப்பட்ட மாத்திரைகளால் பலருக்குக் குணம் தெரிந்திருக்கிறது" என்று பச்சையாகச் சொல்லியே மாத்திரையைக் கொடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேருக்கு நிவாரணம் ஏற்பட்டது. மாத்திரை பெறாதவர்களில் முப்பத்தைந்து பேருக்குத்தான். 2021-ல் வெளிவந்த மற்றொரு பெரிய பரீட்சையில், உண்மையைச் சொல்லிக் கொடுத்த மாத்திரையும் மூடிமறைத்துக் கொடுத்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இவையெல்லாம் நோயாளி தன் வாயால் சொன்ன நிவாரணம்தான் என்பதை மறக்கலாகாது. புற்றுநோயையோ விஷக்காய்ச்சலையோ இப்படித் தீர்க்க முடியும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: ரொட்டி மாத்திரையில் இருந்த கொஞ்சநஞ்ச மருந்து, பொய்யில் இல்லவே இல்லை. ஒருவர் நம்மைக் கவனிக்கிறார், நம் துன்பத்தைக் கேட்கிறார் என்ற ஆறுதலில்தான் அது இருந்தது.

நோயாளிக்குத் தெரிவித்து அவனுடைய சம்மதம் பெற்ற பிறகே பிளாஸிபோவைக் கையாளலாம் என்று, அமெரிக்க வைத்திய சங்கம் 2006-ல் விதி வகுத்தது. சரியான விதி என்பதே நமது அபிப்பிராயம். பொய்யினால் ஒரு நாள் வலியைக் குறைக்கலாம். ஆனால் நோயாளிக்கு அது தெரிந்துவிட்ட அன்று, அந்த டாக்டர் கொடுக்கும் அசல் மருந்தின் மீதும் அவனுக்குச் சந்தேகம் பிறந்துவிடும். நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட தொழிலில் அந்த மூலதனத்தையே எடுத்துச் செலவழிப்பது புத்திசாலித்தனம் ஆகுமா?

டாக்டர்களுடைய கடமை இருக்கட்டும். நம்முடைய கடமையும் ஒன்று இருக்கிறது. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போது, "இது எதற்கு? இதைச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?" என்று மரியாதையாகக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை. டாக்டர் சாவகாசமாக உட்கார்ந்து நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "இதற்கு மருந்து வேண்டாம். நாலு நாளில் தானே சரியாகும். ஜுரம் அதிகமானாலும் மூச்சு வாங்கினாலும் உடனே வாருங்கள்" என்று சொல்லியனுப்பினால், வெறுங்கையோடு திரும்புகிறோமே என்று முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். ரொட்டி மாத்திரை கொடுத்து நம்மைத் திருப்தி செய்வது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. உண்மையைச் சொல்ல அதைவிட அதிக நேரமும் அதிகத் தைரியமும் வேண்டும். அவருக்குரிய பீஸைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்புவோமாக!